குட்டைக் கோடுகள்

எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், ஊதாவை எடுத்துவிட்டுக் கரும்பச்சை போட வேண்டும், நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை என்று குற்றாலிங்கம் மத்தியானம் இரண்டேகாலுக்கு உட்கார்ந்தார். இரண்டேமுக்கால் ஆகியும் காப்பிதான் ஆறியிருந்தது. பெருங்குடியில் ஆறாவது மாடி, தலைக்கு நேர் மேலே குளிர் ஊதுகிற ஓட்டை, யாரோ சாப்பாட்டறையில் மீன்குழம்பைச் சுடவைத்த வாசனை, எதிரே திரையில் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரே போட்ட படம். புற்றுநோய்க்கு ஒரு கம்பெனி கண்டுபிடித்த மாத்திரை; அதைத் தின்றவர்களின் இரத்தத்தில் மருந்து எவ்வளவு ஏறியது, ஏறினதுக்குத் தக்க யாருக்கு என்ன படுத்தியது என்று கணக்குப் போட்டு, கடைசியில் யார் யாருக்கு ஆபத்து கூட, யார் யாருக்குக் குறைவு என்று ஒரே பக்கத்தில் காட்டுகிற படம். இப்போது வேறொரு நாட்டுக்கு அனுப்பப் புது உடுப்பு கேட்கிறார்கள். இடப்பக்கம் வரிசையாக வயது, எடை, சிறுநீரகம், ஆணா பெண்ணா. நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, அதன் கீழே ஒன்று என்ற எண். அந்த ஒன்றில் நிற்பவர் எழுபது கிலோ, அறுபது வயது, எல்லா உறுப்பும் ஒழுங்காக வேலை செய்கிற சராசரி நோயாளி, அதாவது உலகத்தில் எந்தத் தாயும் பெறாத புண்ணியவான். அவரோடு ஒப்பிட்டால் மற்றவர்கள் எங்கே என்பதற்கு ஆளுக்கொரு புள்ளி. புள்ளி வலப்பக்கம் தள்ளி விழுந்தால் மாத்திரை அந்த ஆளைக் கூடுதலாகப் படுத்தும். புள்ளிக்கு இரண்டு பக்கமும் ஒரு படுக்கைக் கோடு: உண்மை இதற்குள் எங்கேயோதான் கிடக்கிறது, எங்கே என்று மட்டும் கேட்காதே என்று மென்பொருள் ஒத்துக்கொள்கிற நீளம். அந்தப் படத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார், வயதைப் பார்த்தார், சிறுநீரகத்தைப் பார்த்தார், இரண்டாவது வரிசையை மட்டும் கண் தாண்டித் தாண்டிப் போயிற்று, அதில் குறைந்த எடை என்று எழுதியிருந்தது, அந்த மாத்திரையைத்தான் போன வருஷம் அவர் மனைவி செண்பகவடிவு தின்றாள்.

நாற்பத்திரண்டு கிலோ. கல்யாணத்தின்போது ஐம்பத்தொன்று, அப்புறம் இருபத்தெட்டு வருஷம் ஐம்பத்தொன்பது அறுபது, கடைசியில் நாற்பத்திரண்டு. ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற பெண் செருப்பைக் கழற்றச் சொன்னபோது, "அது ஒரு கால் கிலோ இருக்கும்மா, இருக்கட்டுமே, நமக்கு ஒரு மருவாதி" என்றாள். மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் வாரம் உள்ளங்கை சிவந்தது, நாலாம் வாரம் பட்டாணித் தோல் மாதிரி உரிய ஆரம்பித்தது, ஆறாம் வாரம் பாங்கில் விரலை வைத்தால் கருவி பேசாமல் இருந்தது. பத்து விரலும் வைத்தாயிற்று. ரேகை இல்லை. பாங்குப் பையன் விழிக்கிறான். "இனிமே நான் எந்த வீட்டுல களவாண்டாலும் போலீசு பிடிக்க முடியாது, தெரிஞ்சுக்கிடுங்க" என்று பாங்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அவள் விரலைப் பிடித்துத் தன் சட்டையில் துடைத்தார், ஏதோ அழுக்கு ஒட்டிக்கொண்டு ரேகையை மறைக்கிற மாதிரி. இதையெல்லாம் இப்போது நினைக்க வேண்டிய அவசியம் என்ன, பச்சை, கரும்பச்சை, அதன் எண் என்ன, நிறத்தின் எண்ணைத் தட்டினார், படம் மறுபடி வரைந்துகொண்டது, ஊதாக் கோடுகள் எல்லாம் பச்சைக் கோடுகள். குட்டை குட்டையாக, ஒழுங்காக, வெட்டிவிட்ட வேலி மாதிரி. குறைந்த எடையின் புள்ளி ஒன்றரையில். அதன் கோடு ஒன்று புள்ளி ஒன்றிலிருந்து இரண்டு புள்ளி ஒன்று வரை. நடுக்கோட்டை அது தொடவே இல்லை. சுத்தமாக வலப்பக்கம். எடை குறைந்தவர்களை இந்த மாத்திரை கூடுதலாகப் படுத்தும், சந்தேகமே இல்லை. இதைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார், இந்த இடைவெளியை, நடுக்கோட்டுக்கும் அந்தக் குட்டைக் கோட்டின் வாலுக்கும் நடுவில் தெரிகிற ஒரு நூல் வெள்ளையை. அந்த நூலை நம்பித்தான் டாக்டரிடம் சொன்னார்.

டாக்டர் சின்னப் பையன், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன பையன், முடிவை அவர்கள் பக்கம் தள்ளினான். இப்படியே முழு மாத்திரை போடலாம், தாங்கினால் நல்லது, இல்லை பாதியாகக் குறைக்கலாம், இரண்டுக்கும் நியாயம் இருக்கு, நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள் என்றான். "முழுசே குடுங்க டாக்டர், கை உரிஞ்சா உரியட்டும், நான் என்ன தட்டச்சா அடிக்கப் போறேன்" என்றாள் செண்பகவடிவு. அது அவளுடைய வாக்கு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தானையால் உள்ளங்கையை மூடிக்கொண்டு, அவளாகச் சொன்னது. அப்போது இவர் வாயைத் திறந்தார். "இல்ல டாக்டர், எடை கம்மியா இருக்கறவங்களுக்கு இது நிச்சயமா தாங்காது, நான் பாத்திருக்கேன், இந்த மாத்திரைக்குப் படம் போட்டவனே நான்தான்." கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார், அதை ஒளிப்பானேன், ஒன்பது மாதமாக அந்த ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றவர், சீட்டு வாங்கினவர், டப்பா தூக்கினவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தனக்கும் ஒன்று தெரியும் என்று நிமிர்ந்தார். பையன் பேனாவைத் திறந்தான். "சாரே சொல்லிட்டாங்க." அரை மாத்திரை. உள்ளங்கை ஆறிற்று, பாங்கில் கட்டைவிரல் ஒன்று வேலை செய்தது, இரண்டு மாதம் நன்றாகச் சாப்பிட்டாள். மூன்றாம் மாதம் ஸ்கேன் எடுத்தார்கள், நுரையீரலில் இருந்தது ஈரலுக்குப் போயிருந்தது. முழு மாத்திரையாக இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கலாம் என்றான் அதே பையன். லாம். அந்த லாமை வைத்துக்கொண்டு ஏழு மாதமாகக் குற்றாலிங்கம் குடும்பம் நடத்துகிறார். பல் துலக்கும்போது ஆகியிருக்கலாம், பஸ்ஸில் ஜன்னலோரம் ஆகாமலும் இருந்திருக்கலாம், வேளச்சேரிப் பாலம் ஏறும்போது நீ பேசாமல் இருந்திருக்கலாம், இறங்கும்போது இல்லை, கோடு நடுக்கோட்டைத் தொடவில்லை, நான் கண்ணால் பார்த்தேன், தெரிந்ததைத்தான் சொன்னேன். ஒவ்வொரு நாளும் கடைசியில் அந்த நூல் வெள்ளையில் வந்துதான் மூச்சு விடுவார். இன்றைக்குப் படம் எதிரிலேயே இருக்கிறது. வெள்ளை இருக்கிறது. அப்புறம் என்ன பயம். எழுத்தைப் பெரிதாக்கு.

எழுத்தைப் பெரிதாக்குகிற வரி எங்கே என்று கட்டளைகள் எழுதிய பக்கத்தை மேலும் கீழுமாகத் தள்ளினார். மூன்று வருஷத்துக்கு முந்தைய தன் கையெழுத்தைப் படிப்பது பழைய போட்டோவில் தன் தலைமுடியைப் பார்ப்பது போல, இவன் யார் இத்தனை உற்சாகமாக என்று இருக்கும். வரிசைப் பெயர்கள், புள்ளியின் அளவு, அச்சின் எல்லை, அப்புறம் கோட்டின் நீளம். கோட்டின் நீளத்துக்கு நேரே ஐம்பது சதவீதம் என்று இருந்தது. பக்கத்தில் அவருடைய கேலிக்குறிப்பு: குட்டைக் கோடுதான் மிருதுளாவுக்கு அழகு. குற்றாலிங்கம் அதைப் படித்தார். மறுபடி படித்தார். தலைக்கு மேல் குளிர் ஊதிக்கொண்டிருந்தது. யாரும் தொடாத இடமெல்லாம் தொண்ணூற்றைந்து என்றுதான் இருக்கும், மென்பொருள் தானாகப் போடுவது அதுதான், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உண்மையை அடக்குகிற நீளம். ஐம்பது என்றால் பாதிதான். பூவா தலையா. உண்மை இந்தக் கோட்டுக்குள் இருக்க எவ்வளவு சாத்தியமோ அவ்வளவு வெளியே இருக்கவும் சாத்தியம். அவருக்கு நினைவு வந்தது. மேலாளர் மிருதுளா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "சார், கோடெல்லாம் இவ்வளவு நீளமா இருந்தா பாக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கே, கொஞ்சம் குட்டையா வராதா" என்றாள். "வருமேம்மா, கேட்டா வராதது உண்டா" என்று இவர் ஒரு எண்ணை மாற்றினார், கோடுகள் சுருக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டன, அவள் கைதட்டினாள், இரண்டு பேரும் கீழே போய் டீ குடித்தார்கள். அன்றைக்கு சாயங்காலம் அதை வீட்டில்கூடச் சொன்னாரே. ஒரே எண்ணில் நூறு பேர் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தேன் தெரியுமா என்று. செண்பகவடிவு சீப்பில் சிக்கின முடியை எடுத்துக்கொண்டே, "அப்ப நம்ம வீட்டு மோட்டாருக்கும் ஒரு எண்ணப் போடுங்க" என்றாள். எண்ணை மறந்துவிட்டார். படத்தை மறக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினதும் வந்து நின்றது தான் வெட்டிவிட்ட படம். தான் கட்டின பொய்யை, அது ஊரெல்லாம் சுற்றி வந்தபிறகு, தானே வாங்கிக்கொண்டு போன முட்டாள் உண்டா உலகத்தில்.

பொய் சொல்வது அவருக்குப் புதிதும் இல்லை, அது வேறு. குலசேகரப்பட்டினம் கடற்கரையில் ஆமை முதுகில் உட்கார்ந்து கடலில் பாதித் தூரம் போய்வந்தது, கலெக்டர் ஜீப்பைத் தென்காசிச் சந்தையில் வெண்டைக்காயோடு சேர்த்து ஏலம் விட்டது, இவையெல்லாம் செண்பகவடிவு முப்பது வருஷம் கேட்டுக் கேட்டு, அங்கங்கே திருத்தமும் சொல்லி வளர்த்த பொய்கள். அன்றைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் வரும்போது அவள் கேட்டாள், "ஏங்க, ஒங்க கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள என்னைய மாதிரி வத்தலாட்டம் எத்தன பேரு இருக்காவ?" "ஏகப்பட்ட பேரு" என்றார். "நெசமாவா சொல்லுதீங்க?" "நெசம்தான். வள்ளியூர்க்காரி ஒருத்தி, முப்பத்தொம்பது கிலோ. முழு மாத்திரையில படுத்தவ, அரை மாத்திரையில எந்திரிச்சுட்டா. இப்போ பஸ் ஸ்டாண்டுல முறுக்கு விக்கா. போன மாசம் கண்டக்டர் ஒருத்தன் சில்லறை குடுக்காமப் போயிட்டான், ஓடிப் போய் பஸ்ஸப் பிடிச்சு நிறுத்திருக்கா." அவள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், இருமல் வந்தது, இருமிவிட்டு மறுபடி சிரித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் வள்ளியூர்க்காரி வளர்ந்தாள். அவளுக்கு ஒரு மருமகள் வந்தாள், மருமகளோடு சண்டை வந்தது, மூன்று கிலோ ஏறினாள். பெயர் என்ன என்று ஒருநாள் கேட்டபோது ஆய்வில் பெயரைச் சொல்லக் கூடாது, சட்டம் என்றார். "அதுவும் சரிதான்" என்றாள். கடைசி வாரம், மூக்கில் குழாயோடு, பேச்சுக்கு நடுவில் மூச்சுக்குக் காத்திருந்து காத்திருந்து, "அவ எப்படி இருக்கா, வள்ளியூர்க்காரி" என்றாள். நன்றாக இருக்கிறாள், குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருக்கிறாள் என்றார். "போட்டும். அவளாவது குளிக்கட்டும்" என்றாள். நம்பினாளா, தெரிந்தே கேட்டாளா. ஆமையை நம்பவில்லை, ஜீப்பை நம்பவில்லை, இதை நம்பினாளா. நம்பித்தான் முழுசே குடுங்க என்ற வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டாளா. இல்லை, இவர் மனசு நோகக் கூடாது என்று நம்பின மாதிரி அரை மாத்திரையை விழுங்கினாளா. எது ஆனாலும் ஒன்றுதான், இல்லை, ஒன்று இல்லை, அவள் தெரிந்தே விழுங்கியிருந்தால் அது இன்னும்.

ஐம்பதை அழித்துத் தொண்ணூற்றைந்து என்று அடித்தார். படம் ஒரு நொடி வெள்ளையாகி மறுபடி வந்தது. எல்லாக் கோடுகளும் இரண்டு பக்கமும் நீண்டுகொண்டன, தூங்கினவர்கள் கைகாலை நீட்டுகிற மாதிரி. குறைந்த எடையின் கோடு நடுக்கோட்டைக் கடந்து அந்தப் பக்கம் அரையைக் கொஞ்சம் தாண்டின இடத்தில் ஆரம்பித்து, இந்தப் பக்கம் மூன்றில் படத்தின் ஓரத்தை முட்டி, இன்னும் போகிறது என்று ஒரு அம்பு போட்டிருந்தது. நூல் வெள்ளை இல்லை. எங்கேயும் இல்லை. எடை குறைந்தவர்களை மூன்று மடங்குக்கும் மேல் படுத்தலாம், படுத்தாமலே போகலாம், மற்றவர்களைவிட நன்றாகவே தாங்கலாம். தெரியாது. படம் அப்போதும் இதைத்தான் சொன்னது, இவர்தான் அதன் வாயைப் பொத்தி டீ குடிக்கப் போனார். போன் அடித்தது. "சார், ஆயிடுச்சா?" "ஆயிட்டே இருக்கும்மா." "கலர் மட்டும்தானே சார்?" "கலர்தான். கொஞ்சம் பிடிவாதம் பண்ணுது." வைத்துவிட்டாள். மணி மூன்றரை.

அங்கே ஒரு வசதி உண்டு. எடைக்கு மென்பொருள் தானாகவே ஐம்பது கிலோ, தொண்ணூறு கிலோ என்று எடுத்துக்கொள்ளும். வேண்டாம், எனக்கு இந்த எடைக்குக் காட்டு என்று நாமே எண் கொடுக்கலாம். விரல் அதுவாகப் போயிற்று. நாலு. விரல் நின்றது. இதைத் தெரிந்து என்ன செய்யப் போகிறாய். படுத்துமா படுத்தாதா என்பது தெரிந்தால், அரை மாத்திரை அவளைக் கொன்றதா என்பதா தெரிந்துவிடும். அது வேறு கேள்வி, அதற்கு வேறு படம், அதிலும் ஒரு கோடு. இரண்டு. நாற்பத்திரண்டு. தட்டினார். புதிதாக ஒரு வரிசை முளைத்தது, கூடவே சிவப்பில் ஒரு எச்சரிக்கை: தரவில் உள்ள மிகக் குறைந்த எடை நாற்பத்தேழு. வள்ளியூர்க்காரி இல்லை. ஏகப்பட்ட பேர் இல்லை. ஒருவர் இல்லை. ஆய்வில் இருந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் செண்பகவடிவு மாதிரி ஒரு ஆள் அந்த மாத்திரையைத் தின்று பார்த்ததே இல்லை, முதலில் தின்று பார்த்தவள் அவள், அவளை யாரும் எழுதி வைக்கவும் இல்லை. இருந்தும் மென்பொருள் சளைக்காமல் கோட்டைப் போட்டது, இல்லாத ஆளைப் பற்றியும் கேட்டால் ஏதாவது சொல்கிற பிறவி, அவரைப் போலவே. அந்தக் கோடு ஓரத்தில் அம்போடு வெட்டுப்பட்டு நின்றது. அதன் முனையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அச்சின் எல்லையை நாலாக்கினார், வெட்டுப்பட்டது. ஐந்தாக்கினார், அம்பு. ஆறு. ஏழாக்கினபோது முனை உள்ளே வந்தது, அரைக்கும் கீழே ஆரம்பித்து ஏழு வரை பக்கம் முழுக்க ஒரே கோடு. அவளுக்கு இடம் விட்டு விட்டு மற்றவர்கள் எல்லோரும், வயது, சிறுநீரகம், ஆண் பெண், நடுக்கோட்டில் ஒட்டிக்கொண்ட எள்ளாகப் போயிருந்தார்கள்.

உள்ளே நாலாயிரம் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். முன்னால் என்ன நம்பினோமோ அது கொஞ்சம், தரவு கொஞ்சம், இரண்டையும் பிசைந்து நாலாயிரம் தடவை குலுக்கிப் போட்டுத்தான் அந்தக் கோடு. நாலாயிரம் உலகம் என்று ஒருநாள் செண்பகவடிவுக்கு விளக்கினார், "அதுல ஒண்ணுலயாவது நீங்க ஒழுங்கா துவைக்கிற துணியெடுத்துப் போடுதீங்களா" என்றாள். எத்தனை உலகத்தில் நாற்பத்திரண்டு கிலோக்காரி சராசரியைவிட நன்றாகவே மாத்திரையைத் தாங்கினாள் என்று எண்ணச் சொல்லி ஒரு வரி எழுதினார். எண்ணூற்று முப்பத்தாறு. எண்ணூற்று முப்பத்தாறு உலகத்தில் அவள் சொன்னதுதான் சரி, கை உரிந்தால் உரியட்டும், முழுசே குடுங்க. மீதி மூவாயிரத்துச் சொச்சத்தில் இவர் சொன்னது சரி, அதிலும் சரியாக இருந்து என்ன, அவள் இருக்கிறாளா என்று அது சொல்லாது. எண்ணூற்று முப்பத்தாறு கொஞ்சமா நிறையவா. ஆட்டோவில் அவள் கேட்டபோது நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைச்சலாக நீ சொல்வதும் சரியாக இருக்கலாம் வடிவு, எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால். எனக்குத் தெரியாது. முப்பது வருஷத்தில் ஆமை சொன்னார், ஜீப் சொன்னார், இந்த ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அவள் பயந்திருப்பாள். இல்லை, அவர் பயந்திருப்பார், அவளுக்கு என்ன பயம், பாங்கில் நின்று சிரித்தவள். இரண்டு பேரும் சேர்ந்து பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம், ஒரு சாயங்காலம், அதையாவது.

மூன்று ஐம்பது. நாற்பத்திரண்டு கிலோ வரிசையை அனுப்ப முடியாது. தரவில் இல்லாத ஆளுக்குக் கோடு போட்டு அரசாங்கத்துக்கு அனுப்பினால் அது தப்பு, வேறு எவன் அனுப்பினாலும் இவரே அடித்துத் திருப்பியிருப்பார். சுட்டியை வரிசையின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார். வரிசையை எடுத்தார். அந்த நீளக் கோடு போனதும் அச்சின் எல்லையைப் பழையபடி மூன்றாக்கினார், எள்ளாகக் கிடந்தவர்கள் எல்லோரும் மெல்ல விரிந்து, புள்ளியும் கோடுமாக ஆளுக்கொரு உருவம் ஆனார்கள், இத்தனை நேரம் யாரோ அவர்களை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போன மாதிரி. தொண்ணூற்றைந்தை மாற்றவில்லை. கேலிக்குறிப்பை அழித்தார். எழுத்தைப் பெரிதாக்கினார். படத்துக்குக் கீழே ஒரு அடிக்குறிப்பு: இந்த ஆய்வில் நாற்பத்தேழு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவர் எவரும் இல்லை, அவர்களைப் பற்றி இந்தப் படம் எதுவும் சொல்லவில்லை. அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் மிருதுளா கூப்பிட்டாள்.

"சார், கோடெல்லாம் ஏன் இவ்வளவு நீளம்?"

"அது அவ்வளவு நீளம்தாம்மா."

"போன தடவை குட்டையா அழகா இருந்துச்சே."

"போன தடவை நான் வெட்டினேன்."

"சரி, கேட்டா பாத்துக்கலாம். கீழே அந்தக் குறிப்பு வேணுமா சார்? இத்தனை பொடி எழுத்துல, அதை யாரு படிக்கப் போறாங்க?"

"நான் படிச்சிருப்பேன்மா" என்றார்.

சொன்னபிறகுதான் அது இன்னொரு பொய்யோ என்று பட்டது. படித்திருப்பார், படித்திருப்பார் சரி, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருப்பார், அவள் கேட்டிருப்பாள், இவர் அவள் முகத்தைப் பார்த்திருப்பார், பார்த்துவிட்டு என்ன சொல்லியிருப்பார். போனில் மிருதுளா ஹலோ என்றாள், சார் என்றாள், லைன்ல இருக்கீங்களா என்றாள்.

"இருக்கேம்மா" என்றார் குற்றாலிங்கம்.